நோம்பி (பண்டிகை) கூடையில் வைக்க நல்ல பலகாரம் எங்கே கிடைத்தது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருப்பூர் மருமகள்:

பனியன் கம்பெனி ஒன்றுக்குத் தீபாவளி அன்பளிப்புக் கூடை கட்டித் தருகிறேன். நூல் கொடுப்பவர்கள், சாயப்பட்டறைக்காரர்கள், ஆடிட்டர், பாங்க் மேனேஜர் என்று பட்டியல் நீளும். வருஷா வருஷம் ஒரே மாதிரிக் கூடைதான். அடியில் பாதி உயரத்துக்குக் காகிதச் சுருள், மேலே வெளிநாட்டு பிஸ்கட் டின், கொஞ்சம் பாதாம், ஒரு ஜூஸ் பாட்டில், சுற்றிலும் கண்ணாடித்தாள். வாங்குகிறவர் பிரிக்காமலே அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவார். அப்படி ஒரு கூடை ஊரெல்லாம் சுற்றி எங்கள் முதலாளி வீட்டுக்கே வந்து சேர்ந்தது. அதற்கப்புறம்தான் அவர், "நம்ம பக்கத்துப் பண்டமா வைங்க, செலவு கூடினாலும் பரவாயில்லை" என்றார்.

தேட ஆரம்பித்தபோது கடைகளில் கிடைத்ததெல்லாம் 'பாரம்பரியம்' என்று பெரிதாக அச்சடித்த அட்டைப்பெட்டிதான். உள்ளே இருப்பது பழைய பாமாயில் முறுக்கு. கடைசியில் காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்தில் அக்கா தங்கை இரண்டு பேர் சுடுகிறார்கள் என்று எங்கள் கட்டிங் மாஸ்டர் சொல்லிப் போனேன். செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய், ஊத்துக்குளி வெண்ணெய், வீட்டில் இடித்த மாவு. அக்காக்காரி ஒரு முறுக்கை ஒடித்து என் மூக்கருகே நீட்டி, "எண்ணெ வாடை முன்னால வந்தா எங்கேயும் வாங்காதீங்க கண்ணு, அரிசியும் எள்ளும்தான் முன்னால வரணும்" என்றார். நேராகக் கடைக்கு வந்து அதே மாதிரி ஒடித்துப் பார்த்தேன். பத்தில் எட்டில் சிக்கு வாடை.

இன்னொன்றும் சொன்னார். வெண்ணெய் கூடக்கூட முறுக்கு வாயில் கரையும், ஆனால் கையில் நிற்காது. கூடையில் போகிற முறுக்கென்றால் வெண்ணெயைக் கொஞ்சம் குறைத்துத்தான் பிசைவாராம், இல்லையென்றால் போய்ச் சேரும்போது மாவாகத்தான் இருக்கும். இதைத் தெரிந்தவரிடம் வாங்கினால் கூடையைப் பற்றிய கவலை பாதி தீர்ந்தது.

முறுக்கோடு கொள்ளுப்பொடி, எள்ளுருண்டை, நாட்டுச்சர்க்கரை வைத்தோம். உங்கள் பக்கம் என்ன கிடைக்கிறது?

கோபிக்காரன்:

நாட்டுச்சர்க்கரை வைத்தது நல்ல யோசனைங்க. எங்கே வாங்கினீர்கள் என்பதுதான் கேள்வி. எங்கள் ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடிதான் இதற்குத் தலைநகரம். பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்கே அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில்தான் ஏலத்தில் சர்க்கரை எடுக்கிறார்கள்.

என் மாமா ஆலை ஓட்டியவர். கரும்புப்பால் கொதிக்கும்போது அழுக்கு எடுக்கச் சுண்ணாம்பு போடுவது வழக்கம். அதோடு சிலர் 'ஹைட்ரோஸ்' என்கிற சோடியம் ஹைட்ரோசல்பைட்டும் போடுவார்கள். வெல்லம் பளிச்சென்று எலுமிச்சை மஞ்சளுக்கு வரும். பார்க்க அழகு, கூடைக்குள் இன்னும் அழகு. நல்ல சர்க்கரை காப்பிப்பொடி நிறத்துக்குப் பக்கமாக இருக்கும், கையில் லேசாகப் பிசுபிசுக்கும். அஸ்கா (வெள்ளைச் சர்க்கரை) கலந்தது உலர்ந்து பொலபொலவென்று உதிரும், நாக்கில் வெறும் இனிப்புதான் நிற்கும். நல்லதில் இனிப்புக்குப் பின்னால் ஒரு துளி உப்பும் கரும்பு மணமும் வரும்.

கிப்ட் கடைக்காரர் ஒருவரிடம் கறுத்த சர்க்கரையைக் காட்டினால், "கலர் கம்மியா இருக்குதுங்க, கஸ்டமர் திருப்பி அனுப்பிருவாங்க" என்றார். கலருக்காகத்தான் மருந்தே போடுகிறார்கள்! நான் சின்னப் பாட்டிலில் போட்டு, "கறுப்பாக இருப்பதுதான் நல்லது" என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டிவிட்டேன். அந்தச் சீட்டைப் படித்துவிட்டு இன்னொரு கிலோ கேட்டவர்களே உண்டு.

எண்ணெயில் சுடும் இனிப்புப் பலகாரமான கச்சாயம் வைக்க ஆசைப்படாதீர்கள். அம்முச்சி (அம்மாவின் அம்மா) சுட்ட கச்சாயத்துக்கு ஈடில்லைதான், ஆனால் வாழைப்பழம் சேர்த்தது இரண்டு நாள் தாண்டாது. பாகு எடுத்துச் செய்த அதிரசமாக இருந்தால் வையுங்கள்.

ஆனைமலை அடிவாரம்:

எங்கள் ஊரில் தென்னைக்கு நடுவே ஊடுபயிராகக் கொக்கோ நிற்கிறது. பழத்தை உடைத்து, வெள்ளைச் சதையோடு கொட்டையை ஒரு வாரம் போலப் புளிக்கவைத்து, வெயிலில் காயப்போட்டு, இங்கேயே சாக்லேட் கட்டி வரைக்கும் கொண்டுவந்து விடுகிறார்கள். ஊட்டிக் கடைவீதி சாக்லேட் மாதிரி பால் இனிப்பு இருக்காது. கசப்பு முன்னால், புளிப்பு பின்னால். முதல் கடியில் எங்கள் அப்பாரு (தாத்தா) துப்பிவிட்டார். கருப்பட்டிக் காப்பியோடு கொடுத்ததும் இன்னொரு துண்டு கேட்டார்.

கூடைக்கு வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரிப் பக்கம் உருகிவிடும். ஐப்பசியில் பரவாயில்லை. சித்திரையில் கல்யாணத் தாம்பூலத்துக்கென்று வாங்கி வேனில் ஏற்றினால், உருகி மறுபடி உறைந்து மேலே வெள்ளை பூத்த கட்டிதான் கிடைக்கும். பூசணம் இல்லை, சாப்பிடலாம். ஆனால் வாங்குகிறவருக்கு அதை யார் போய்ச் சொல்வது?

ஆர்.எஸ்.புரம் அண்ணாச்சி:

எல்லாரும் காரத்தையும் சர்க்கரையையும் பேசுகிறீர்கள், கோயம்புத்தூர்க் கூடையில் மைசூர்பா இல்லாமலா? 1948-இல் தொடங்கிய ஸ்ரீகிருஷ்ணா ஸ்வீட்ஸ் பெயரே இங்கே மைசூர்பாவுக்கு இன்னொரு பெயர் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் நெய் இனிப்பை மசாலாப் பொடிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். எனக்கு வந்த ஒரு கூடையில் ரசப்பொடி பாக்கெட்டை மைசூர்பா டப்பா மேலேயே வைத்துக் கட்டியிருந்தார்கள். இனிப்பு முழுக்கப் பெருங்காயம். பேரன் அதை 'ரசம்பா' என்கிறான்.

பாக்கெட் போடாமல் உதிரியாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து விதி. தீபாவளி நெரிசலில் அந்த அட்டையை யாரும் பார்ப்பதில்லை. நான் விலையைக் கேட்பதற்கு முன் "என்னிக்குப் போட்டது?" என்றுதான் கேட்பேன். மழுப்பினால் அடுத்த கடை.

பழனிப் பஞ்சாமிர்தம் வைக்கலாமா என்று எங்கள் வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. மலைவாழை, நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலம் என்று தண்ணீர் சேர்க்காமல் செய்வதால் டின்னில் நன்றாகத் தாங்கும். 2019-இல் புவிசார் குறியீடும் வாங்கியது. ஆனால் அது பிரசாதம். தெரிந்தவர்களுக்குக் கையில் கொடுங்கள். கம்பெனிப் பட்டியலில் இருக்கிற எல்லாருக்கும் பிஸ்கட் மாதிரி அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை.

கரூர் கரம் ரசிகன்:

எங்கள் ஊர்த் தெருக்கடைகளில் அப்போதைக்கப்போது கலந்து தரும் நொறுக்குத்தீனியான கரத்தைக் கூடையில் வைக்க வழி இருக்கிறதா? (இல்லை. கலந்த கையோடு தின்றால்தான் கரம். ஆளையே கூடையில் உட்காரவைத்து எங்கள் ஊருக்கு அனுப்புங்கள்.)

பவானி நெசவு வீடு:

கூடைக்குப் பதில் ஜமக்காளப் பையில் போட்டுக் கொடுங்கள். பண்டம் தீர்ந்தபின் காய்கறி வாங்கப் போவார்கள். பனையோலைப் பெட்டியும் அழகுதான், ஆனால் அடைமழைக் காலத்தில் முறுக்கை அதில் வெறுமனே போட்டால் மறுநாளே நமுத்துப்போகும். உள்ளே காற்றுப்புகாத பாக்கெட் கட்டாயம்.

ஈரோட்டுக் கணக்கர்:

விற்பனைக்குக் கட்டுகிறவர்கள் ஒரு விஷயம் கவனியுங்கள். வரி வேறு வேறாக உள்ள பொருட்களை ஒரே கூடையாக்கி ஒரே விலை போட்டால், உள்ளே எதற்கு அதிக ஜிஎஸ்டியோ அதுவே மொத்தக் கூடைக்கும் விழும். தனித்தனி விலை போட்டு பில் எழுத முடியுமா என்று உங்கள் ஆடிட்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

திருப்பூர் மருமகள்:

கணக்கர் சொன்னது எனக்குப் புதுசு, நன்றிங்க. சாக்லேட்டையும் ஜமக்காளப் பையையும் இந்த முறை சேர்க்கப் போகிறேன். கரம் ரசிகரே, உங்களுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

கேட்டவர்களுக்காக நான் வாங்கும் வரிசை: கொள்ளுப்பொடியும் சர்க்கரையும் புரட்டாசியிலேயே, எள்ளுருண்டையும் முறுக்கும் நோம்பிக்கு முந்தின வாரம், நெய் இனிப்பு கொடுக்கும் நாளுக்கு முதல்நாள். காங்கேயம் அக்கா ஐப்பசி பிறந்தால் புது ஆர்டர் எடுப்பதில்லை. "சொந்தக்காரங்களுக்குச் சுடறதுக்கே கை போதலைங்க" என்பார். ஆகவே வேண்டுமென்பவர்கள் ஆவணியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.