சாம்ப் கட்டினேன், ஊளையிடுது: கம்பியை மாத்தவா, கண்டன்சர் போடவா?

கோவைக்_குமிழ்:
எல்லாருக்கும் வணக்கம். ஆறு மாசமா ஞாயித்துக்கிழமை மட்டும் உட்கார்ந்து ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 டியூப் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் ஒண்ணு கட்டி முடிச்சேன். 1950கள் கடைசியில வந்த அதே குட்டி 5 வாட் சர்க்யூட். முன்னாடி சிக்னலைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7 டியூப் (ஒரே குழாய்க்குள்ள ரெண்டு பாதி), பின்னாடி ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6, ஏசியை டிசி ஆக்கற ரெக்டிஃபையருக்கு 5ஒய்3, அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டும் இங்கேயே வைண்டிங் பண்றவர்கிட்ட சுத்தி வாங்கினது.

நேத்து ராத்திரி முதல் தடவை ஆன் பண்ணேன். டியூப் சூடாகிற வரைக்கும் அமைதி. அப்புறம் ஸ்பீக்கர்ல நாய் ஊளை மாதிரி ஒரே சுருதியில கத்தல். கிட்டார் செருகவே இல்ல. அந்த ஊளைக்கு அடியில ‘ம்ம்ம்’னு ஒரு ஹம்மும் கேட்டுது. அஞ்சு செகண்ட்ல ஆஃப் பண்ணிட்டேன், வீட்டுல எல்லாரும் எழுந்துட்டாங்க. எங்க ஆரம்பிக்கிறது?

பழைய_ரேடியோ:
தம்பி, நான் வால்வு ரேடியோ காலத்து ஆள். டியூப்னு சொன்னா எனக்கு சைக்கிள்தான் ஞாபகம் வரும், அதனால வால்வுன்னே சொல்றேன். ஊளைக்கு ஒரே மருந்து: 12ஏஎக்ஸ்7 ரெண்டாவது பாதியில பிளேட்டுக்கு (சிக்னல் வெளிய வர்ற முனை) ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ் போகுதே, அதோட ரெண்டு முனையிலயும் 100 பிகோஃபாரட் கண்டன்சர் ஒண்ணை வெச்சு சாலிடர் பண்ணு. 500 வோல்ட் தாங்கறதா வாங்கு. பத்து நிமிஷ வேலை. எத்தனையோ ஆம்ப்ளிஃபையரை இப்படி அடக்கியிருக்கேன்.

கிரிட்_கண்ணன்:
ஐயா, கோவிச்சுக்காதீங்க. நோய் என்னன்னு பார்க்காமலே மருந்தா? குமிழ், ஒரே ஒரு கேள்வி. வால்யூமை பூஜ்யத்துல வெச்சாலும் கத்துதா?

கோவைக்_குமிழ்:
ஆமா ப்ரோ. இப்பத்தான் காதைப் பொத்திக்கிட்டு திருப்பிப் பார்த்தேன். பூஜ்யமோ பத்தோ, சத்தத்துல மாற்றமே இல்ல.

கிரிட்_கண்ணன்:
அப்போ பாதி வேலை முடிஞ்சுது. இந்த சர்க்யூட்ல வால்யூம் கண்ட்ரோல் உட்கார்ந்திருக்கிறது 12ஏஎக்ஸ்7-ஓட முதல் பாதிக்கும் ரெண்டாவது பாதிக்கும் நடுவுல. பூஜ்யத்துல வெச்சா முன்னாடி இருக்கிறது எல்லாம் கிரவுண்டுக்குப் போயிடும். அப்பவும் கத்துதுன்னா கத்தறவன் வால்யூமுக்குப் பின்னாடி இருக்கான். சர்க்யூட்ல கம்பி போட்டு பின்னாடி சுத்தி வர்ற பாதை ஒண்ணே ஒண்ணுதான்: ஸ்பீக்கர்ல இருந்து 22 கிலோ ஓம் வழியா ரெண்டாவது பாதியோட கேத்தோடுக்கு வர்ற நெகட்டிவ் ஃபீட்பேக் கம்பி.

உங்க வைண்டிங்காரர் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரோட செகண்டரியில (ஸ்பீக்கர் பக்கச் சுருள்) ரெண்டு முனைக்கும் ஒரே நிற ஸ்லீவ் போட்டிருப்பார். எது தலை, எது வால்னு தெரியாது. நீங்க மாத்தி சாலிடர் பண்ணியிருந்தா நெகட்டிவ் ஃபீட்பேக் பாசிட்டிவ் ஆகிடும். சத்தத்தைக் குறைக்க வேண்டிய கம்பி ஊதிவிட்டுக்கிட்டு இருக்கு.

22 கிலோ ஓமோட ஒரு முனையைக் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. ஊளை நின்னா நான் சொன்னது சரி. ஆஃப் பண்ணிட்டு செகண்டரி கம்பி ரெண்டையும் இடம் மாத்துங்க, கிரவுண்டுக்குப் போனது ஸ்பீக்கருக்கு, ஸ்பீக்கருக்குப் போனது கிரவுண்டுக்கு. திரும்ப 22 கிலோ ஓமை சேர்க்கும்போது சத்தம் கொஞ்சம் குறையணும். கூடிச்சுன்னா இன்னும் தப்பு. ஸ்பீக்கர் இல்லாம மட்டும் ஆன் பண்ணிடாதீங்க, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும்.

பழைய_ரேடியோ:
ஒரே நிற ஸ்லீவ், அது வாஸ்தவம். எங்க காலத்துலயும் அதே கதைதான், சோதிச்சுட்டு நாங்களே முடிச்சுப் போட்டு அடையாளம் வெச்சுப்போம். சரி, கம்பியை மாத்து. ஆனா கண்டன்சரை மறந்துடாதே.

இரும்புத்_தம்பி:
ஊளையை விடுங்க, ஹம்முக்கு ஈசி வழி இருக்கு. பவர் கார்டுல எர்த் பின்னைக் கழட்டிடுங்க. கிரவுண்ட் லூப் போயிடும். நான் ரெண்டு வருஷமா அப்படித்தான் வாசிக்கிறேன்.

பனங்காய்:
ஆர் இந்தக் கதை சொல்லுறது? தம்பி, கிட்டார் ஸ்ட்ரிங்கும் ஷாசியும் (ஆம்பின்ரை உலோகப் பெட்டி) ஒண்டோட ஒண்டு சேர்ந்தது. உள்ளுக்கை ஒரு லைவ் வயர் கழண்டு ஷாசியிலை பட்டால், அந்த எர்த் வயர்தான் ஃபியூஸை எரிச்சு உங்களைக் காப்பாத்தும். அதைக் கழட்டினால் 230 வோல்ட்டும் உங்கட விரலிலை நிக்கும், வாய் மைக்கிலை பட்டால் கதை முடிஞ்சுது. நான் இருக்கிறது டொராண்டோவிலை, இஞ்சை 120 வோல்ட்தான். நான் இஞ்சையும் கழட்ட மாட்டன்.

இரும்புத்_தம்பி:
ரெண்டு வருஷத்துல ஒண்ணும் ஆகலையே?

பனங்காய்:
ஹெல்மெட் போடாமல் ஓடுறவையும் இதைத்தான் சொல்லுவினம்.

குமிழ், ஹம் எண்டால் முதலிலை அது எந்த ஹம் எண்டு பாருங்கோ. ஃபோனிலை ஸ்பெக்ட்ரம் ஆப் ஒண்டு போட்டு ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடியுங்கோ. உங்கட ஊரிலை மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 50 தூக்கி நிண்டால் வால்வைச் சூடாக்கிற ஹீட்டர் வயர் பக்கம் பாருங்கோ, 100 எண்டால் ரெக்டிஃபையருக்குப் பின்னாலை, டிசியைச் சீராக்கிற ஃபில்டர் கண்டன்சர் பக்கம். எங்களுக்கு இது 60, 120 எண்டு வரும்.

கோவைக்_குமிழ்:
வந்துட்டேன். கண்ணன் அண்ணா, கை குடுங்க. 22 கிலோ ஓமைக் கழட்டின உடனே ஊளை நின்னுது. செகண்டரியை மாத்தி சாலிடர் பண்ணி, 22 கிலோ ஓமைத் திரும்ப சேர்த்தேன், சத்தம் நீங்க சொன்ன மாதிரியே கொஞ்சம் அடங்குச்சு. முதல் தடவையா ஒரு இ மைனர் அடிச்சேன், கண்ணுல தண்ணி வராத குறை.

ஆனா முழுசா முடியல. வால்யூம் 6 வரைக்கும் சுத்தம். 7 தாண்டினா சில்வண்டு மாதிரி ஒரு கீச்சல். 8ல உச்சம். 10 வெச்சா நின்னுடுது! இது என்ன மாயம்? ஹம்மும் அப்படியே இருக்கு. ஆப்ல 50, 100 ரெண்டும் தெரியுது, 50 பெருசு.

பழைய_ரேடியோ:
பார்த்தியா? நான் அப்பவே சொன்னேன். 100 பிகோ.

கிரிட்_கண்ணன்:
ஐயா, கணக்கு போட்டுப் பார்ப்போம். அந்த இடத்துல 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டர், வால்வோட உள் எதிர்ப்பு, அடுத்த வால்வோட கிரிட் (சிக்னல் உள்ள போற முனை) ரெசிஸ்டர் எல்லாம் சேர்ந்து சுமார் 50 கிலோ ஓம். அதுல 100 பிகோ வெச்சா 30 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான் வெட்ட ஆரம்பிக்கும். குமிழுக்கு காதுல கேட்கிற கீச்சல். அதுக்கு 100 பிகோ போதாது.

பழைய_ரேடியோ:
போதலைன்னா 470 போடு. உன் கணக்குப்படியே 7 கிலோஹெர்ட்ஸ்கிட்ட வெட்டும். சாம்ப்ல இருக்கிறது 8 இஞ்ச் ஸ்பீக்கர், கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல தானாவே விழுந்துடும். யாருக்கு என்ன நஷ்டம்? வாசிக்கிறவனுக்கு வித்தியாசமே தெரியாது. நீ காகிதத்துல கண்டுபிடிக்கிற நேரத்துல நான் ரெண்டு செட்டை ரிப்பேர் பண்ணி அனுப்பிடுவேன்.

கிரிட்_கண்ணன்:
வாதம் நியாயமாத்தான் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா நான் ஒரு தடவை சூடு பட்டவன். ரெண்டு இஎல்84 பவர் வால்வு போட்டு ஒரு 18 வாட் ஆம்ப் கட்டினேன். கீச்சலுக்கு கண்டன்சர் வெச்சேன், நின்னுது. ஒரு வாரம் சந்தோஷம். அப்புறம் ஒரு நாள் விளக்கை அணைச்சுட்டு வாசிக்கும்போது பார்க்கிறேன், ஒரு இஎல்84-ஓட பிளேட் அடுப்புக் கரி மாதிரி சிவந்திருக்கு. ஆசிலோஸ்கோப்ல பார்த்தா காதுக்கு எட்டாத உயரத்துல அது பாட்டுக்கு ஆடிக்கிட்டு இருந்திருக்கு. கண்டன்சர் அதை நிறுத்தல, என் காதுக்குத் தெரியாம மேல தள்ளிவிட்டிருக்கு.

பழைய_ரேடியோ:
ஸ்கோப், ஸ்கோப். புரோபை கிரிட்ல வெச்ச உடனே அதுல இருக்கிற பத்துப் பன்னிரண்டு பிகோவிலேயே ஊளை நின்னுடும். அப்புறம் எதைப் பார்ப்பே?

கிரிட்_கண்ணன்:
கிரிட்ல ஏன் வைக்கணும்? ஸ்பீக்கர் முனையில வைங்க. அங்க 12 பிகோ ஒரு பொருட்டே இல்ல.

சரி, 10ல ஏன் நிக்குதுன்னு பார்ப்போம், எனக்கு இந்த ஆம்ப்லயே ரொம்பப் பிடிச்ச இடம் இது. வால்யூம் பாட் (திருகினா மாறற மின்தடை) 1 மெக் ஓம். அது ஆடியோ டேப்பர், அதாவது திருகற அளவுக்கு சமமா மாறாது, வால்யூம் 7, 8ல இருக்கும்போதுதான் உள்ள மின்தடை சரிபாதியா பிரியும். மேல பாதி, கீழ பாதி, ரெண்டும் சேர்ந்து பாட்டோட நடுக்கம்பிக்கு 250 கிலோ ஓம் வரைக்கும் எதிர்ப்பு தெரியும். அந்த நிலையில நடுக்கம்பி ஒரு நல்ல ஏரியல். 10க்குப் போனா அது நேரா முதல் பாதியோட பிளேட்டோட சேர்ந்துடும், எதிர்ப்பு பல மடங்கு குறைஞ்சுடும், எதையும் பிடிக்காது.

அது எதைப் பிடிக்குது? நடுக்கம்பி போறது ரெண்டாவது பாதியோட கிரிட்டுக்கு. அங்க இருந்து ஒரு தடவை தலைகீழாகி, 6வி6ல இன்னொரு தடவை தலைகீழாகி, 6வி6 பிளேட்டுக்கு வரும்போது மறுபடி அதே திசை. அந்த பிளேட் கம்பி நடுக்கம்பிக்குப் பக்கத்துல போனா போதும், ஒரு பிகோ, ரெண்டு பிகோ காத்து வழியாவே ஊளை போடும். குமிழ், உங்க அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கம்பி எந்த வழியா போகுது?

கோவைக்_குமிழ்:
ஐயோ. ஷாசிக்குள்ள அழகா இருக்கட்டும்னு எல்லா கம்பியையும் சேர்த்து ஜிப் டை போட்டுக் கட்டியிருக்கேன்.

பனங்காய்:
அழகுக்குக் கட்டினதுதான் உங்கட ஊளை.

பழைய_ரேடியோ:
ஜிப் டையா? கடவுளே. இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அதையெல்லாம் வெட்டு. மூங்கில் குச்சி ஒண்ணை எடுத்துக்கோ, காஞ்ச குச்சியா இருக்கணும். இடது கையை பாக்கெட்ல வெச்சுக்கோ. ஆன்ல இருக்கும்போதே குச்சியால ஒவ்வொரு கம்பியா நகர்த்து. எதை நகர்த்தும்போது கீச்சலோட சுருதி மாறுதோ அதுதான் திருடன். சாலிடர் வைக்கிறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணிட்டு ஃபில்டர் கண்டன்சர்ல வோல்டேஜ் இறங்கிடுச்சான்னு மீட்டர் வெச்சுப் பார்த்துட்டுத்தான் கையை உள்ள விடணும். 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும் அது.

கிரிட்_கண்ணன்:
ஐயா, இதைத்தான் நான் ஸ்கோப் வெச்சு செய்வேன். உங்க குச்சி சீக்கிரம் முடிச்சுடும், ஒத்துக்கறேன்.

பனங்காய்:
50 ஹெர்ட்ஸுக்கு நான் சொல்லுறன். பழைய சாம்ப் வரைபடத்திலை ஹீட்டரின்ரை ஒரு பக்கத்தை நேரா ஷாசியிலை போட்டிருப்பினம். அதை அப்பிடியே பார்த்துக் கட்டியிருப்பியள். கழட்டிப் போட்டு, ரெண்டு பக்கத்திலை இருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொண்டு போட்டு, நடுவிலை சேர்க்கிற இடத்தைக் கிரவுண்ட் பண்ணுங்கோ. அரை வாட் போதும். ஹீட்டர் வயர் ரெண்டையும் முறுக்கி ஷாசி மூலையோட கொண்டு போங்கோ.

இரும்புத்_தம்பி:
ஒரிஜினல்ல இல்லாததைப் போட்டா அது சாம்பே இல்ல. அந்த ஹம்மும் அந்த சவுண்ட்ல ஒரு பாகம்.

பனங்காய்:
எர்த்தைக் கழட்டச் சொன்னவர் இப்ப ஒரிஜினலுக்குக் காவலோ? அந்தக் காலத்திலை ரெண்டு பின் வயர்தான், அதையும் ஒரிஜினல் எண்டு திருப்பிப் போடுவியளோ?

கோவைக்_குமிழ்:
மூணு மணி நேரம் ஆச்சு. ஜிப் டை எல்லாம் வெட்டினேன். குச்சியால அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து 6வி6க்குப் போற பிளேட் கம்பியைத் தொட்டதும் கீச்சல் ‘கீ’ல இருந்து ‘கூ’னு இறங்குச்சு. அதை ஷாசியோட பின்சுவர் ஓரமா ஒதுக்கினேன், வால்யூம் நடுக்கம்பியை ஷீல்டு வயரா மாத்தி ஒரு முனையை மட்டும் கிரவுண்ட் பண்ணேன். 0லருந்து 10 வரைக்கும் எங்கேயும் கீச்சல் இல்ல. 100 ஓம் ரெண்டும் போட்டாச்சு, 50 ஹெர்ட்ஸ் கோடு கீழ இறங்கிடுச்சு. 100 இன்னும் நிக்குது.

கிரிட்_கண்ணன்:
மெயின் டிரான்ஸ்ஃபார்மர்ல உயர் வோல்டேஜ் சுருளோட சென்டர் டேப்பை (நடு முனை) எங்க கிரவுண்ட் பண்ணியிருக்கீங்க?

கோவைக்_குமிழ்:
இன்புட் ஜாக்குக்குப் பக்கத்துல, எல்லாத்தோடயும் சேர்த்து. ஒரே இடத்துல கிரவுண்ட் பண்ணணும்னு எங்கேயோ படிச்சேன்.

கிரிட்_கண்ணன்:
அதை மட்டும் பிரிச்சு, முதல் ஃபில்டர் கண்டன்சரோட நெகட்டிவ் காலுக்கு நேரா கொண்டு போங்க. கண்டன்சர் சார்ஜ் ஆகிற கரண்ட் துடிப்பு துடிப்பா அந்தக் கம்பியில ஓடுது. இன்புட் பக்கம் ஓடவிட்டா முதல் கிரிட் அதை சிக்னல்னு நினைச்சுக்கும். அப்புறமும் மிச்சம் கொஞ்சம் இருக்கும். ஒத்தை 6வி6, ரெண்டு வால்வு எதிரெதிரா நின்னு ஹம்மை அழிக்கிற வசதி இதுல கிடையாது.

பழைய_ரேடியோ:
மிச்சம் இருந்தா முதல் ஃபில்டர் கண்டன்சரை 22 மைக்ரோவுக்குப் பண்ணு, அதுக்கு மேல ஏத்தாதே, 5ஒய்3 தாங்காது. இந்த கண்டன்சருக்காவது கண்ணன் தம்பி சரின்னு சொல்லுமா?

கிரிட்_கண்ணன்:
இதுக்கு சரி ஐயா.