பதில்: இன்டொனேஷனுக்குத் தமிழில் ‘சுரவணைவு’

குழு நண்பர்களுக்கு வணக்கம். நம் இசைச்சொல் பட்டியலில் ‘இன்டொனேஷன்’ (வாசிக்கும்போது ஒவ்வொரு சுரத்தையும் சரியான உயரத்தில் நிறுத்துவது) என்பதற்கு நான் முன்வைக்கும் சொல் ‘சுரவணைவு’. அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘சுருதி சேர்த்தல்’ என்று ஏற்கெனவே இருக்கிறதே அண்ணே, புதுச்சொல் எதற்கு?

தம்பி, சுருதி சேர்ப்பது, அதாவது கருவிகளை ஒரே சுருதிக்குக் கொண்டுவருவது, வாசிக்கத் தொடங்கும் முன் முடிந்துவிடுகிற வேலை. நாம் பெயர் தேடுவது அதற்குப் பிறகு, கடைசிச் சுரம் வரை ஓயாமல் நடக்கிற வேலைக்கு. இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால், ஊதும் பிள்ளைகள் ‘அதான் சேர்த்தாச்சே’ என்று காதை மூடிக்கொள்கிறார்கள்.

தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் கோவில் திருவிழாவுக்கு ஊதுகிற ஒரு பேண்டு செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிளாரினெட், ஒரு சாக்ஸபோன், ஒரு டிரம்பெட், கூடவே கீபோர்டு. மதியம் தகரக் கொட்டகைக்குள் எல்லோரும் கீபோர்டுக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். இரவு தேர்பவனியில் கடற்காற்று. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறையும். 35 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு வந்தால், கணக்குப்படி குழல் 30 செண்ட் போல இறங்கும். அரைச்சுரம் என்பது 100 செண்ட். மூச்சின் சூடு உள்ளே இருப்பதால் அத்தனையும் வெளியே தெரியாது. தெரிகிற அளவே காதை உறுத்தப் போதும். கீபோர்டோ அசையாது.

சுரம் உயர்ந்து, ஏறி நின்றால் ‘பேரலை (கிளாரினெட்டின் ஊதுவாய்க்குக் கீழே உள்ள இணைப்புத் துண்டை) இழுத்துவிடு’ என்பார்கள். அதுவும் பாதித் தீர்வுதான். குழல் நீளும் அளவு ஒன்றே என்றாலும், மேல்துளையில் எழும் சுரத்துக்குக் காற்றுத்தூண் குட்டை, ஆகவே அது அதிகம் இறங்கும். எல்லாத் துளையும் மூடி ஊதும் சுரம் கொஞ்சமே இறங்கும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று பிசகும். பலத்து ஊதினால் கிளாரினெட் இறங்கப் பார்க்கும், புல்லாங்குழல் ஏறப் பார்க்கும். சேர்ந்து ஒலி பெருக்கும் அந்த இடத்தில் இரண்டும் எதிரெதிராகப் பிரிகின்றன. உதடும் மூச்சும் ஒவ்வொரு சுரத்தையும் அந்தந்தக் கணத்தில் திருத்தினால்தான் உண்டு.

என்னைப் புதுச்சொல் பக்கம் தள்ளியது இன்னொன்று. அந்தர காந்தாரம் (‘க’ சுரத்தின் உயர்ந்த வகை) எங்கே நிற்க வேண்டும்? நாகசுரத்துக்கு ஒத்து (ஆதார சுருதியை விடாமல் ஒலிக்கும் துணைக்குழல்) ஊதும்போது சட்சத்தோடு (‘ச’ சுரத்தோடு) 5:4 என்ற விகிதத்தில், அதாவது 386 செண்டில் நின்றால் இனிக்கும். கீபோர்டில் அதே காந்தாரம் 400 செண்டில் இருக்கிறது. 14 செண்ட் இடைவெளி. இரண்டில் எது சரி என்று தனியாகக் கேட்டால் பதில் கிடையாது; யாரோடு ஊதுகிறோம் என்பதுதான் இடத்தைத் தீர்மானிக்கிறது. நாம் வைக்கும் சொல்லுக்குள் இந்தச் சார்பு இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

‘சுருதி சுத்தம்’ தீர்ப்புச் சொல். ‘அவர் வாசிப்பு சுருதி சுத்தம்’ எனப் பாராட்டலாம். ஒரு கருவியின் மேல்ஸ்தாயியில் (உயர்ந்த சுரங்களில்) அது எப்படி மாறுகிறது என்று பேச வளைந்து கொடுக்காது. ‘இசைவு’ சம்மதக் கடிதத்துக்குப் போய்விட்டது. ‘தொனி’ பேச்சொலி ஆய்வுக்காரர்களிடம் இருக்கட்டும். சிலப்பதிகார உரையில் யாழுக்குச் சொன்ன செம்பகை, ஆர்ப்பு போன்ற குற்றங்களை மீட்கலாம் என்று குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொற்கள்தான் ஐயா, ஆனால் அவை குற்றத்தின் பெயர்கள். நமக்குத் தேவை செயலின் பெயர்.

ஆகவே ‘அணைதல்’. படகு ஜெட்டியில் அணைவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்: காற்றும் நீவாடும் (கடல் நீரோட்டமும்) தள்ளத் தள்ள, சுக்கான் பிடித்தவர் விடாமல் திருத்திக்கொண்டே வருவார். அணைவதற்கு எதிரே ஒன்று இருந்தாக வேண்டும் என்பதும் அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. சுரம் + அணைவு = சுரவணைவு.

> விளக்கு அணைவது நினைவுக்கு வராதா?

தனியே நின்றால் வரும். அதனால்தான் ‘சுரம்’ முன்னே நிற்கிறது. ‘அணையாச் சுரம்’ என்று மட்டும் எழுத வேண்டாம். அணையா விளக்கு குறுக்கே வந்துவிடும். ‘அணைவுப் பிசகு’ என்போம். ஷார்ப், ஃபிளாட் இரண்டுக்கும் புதிதாக எதுவும் தேவையில்லை. ஏறி நிற்கிறது, இறங்கி நிற்கிறது என்று வாசிப்பவர்கள் சொல்வதையே ஏற்றம், இறக்கம் என எழுதலாம்.

பட்டியலுக்கு என் வரைவு:

சுரவணைவு: வாசிக்கும்போது ஒவ்வொரு சுரத்தையும் உடன் ஒலிப்பவற்றோடு பொருந்தும் உயரத்தில் நிறுத்துதல்; அப்படி நிற்கும் தன்மை. வழக்கு: ‘இந்தக் கிளாரினெட்டில் மேல்ஸ்தாயிச் சுரவணைவு கடினம்.’ ‘கீபோர்டோடு அணைந்து ஊது.’

வயலினுக்கும் வாய்ப்பாட்டுக்கும் இதே சொல் பொருந்தும் என்று நினைக்கிறேன். நாகசுரத்தில் மட்டும் எனக்குத் தயக்கம். அங்கே சீவாளியில் (ஊதும் நாக்கில்) உதடு செய்யும் திருத்தமும் கமகமும் (சுரத்தை அசைத்து அழகூட்டுவதும்) ஒரே அசைவில் கலந்துவிடுகின்றன. எது அணைவு, எது கமகம் என்று கோடு கிழிக்க முடியுமா? குழுவில் நாகசுரம் வாசிப்பவர்கள், குறிப்பாகத் தோடி ராகம் வாசிக்கும்போது காந்தாரத்தை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு வரைவைத் திருத்துகிறேன்.