30 கண்ணி 37 ஆகுது: டிவி பார்த்துப் பழகின நிட்டிங்கில எங்க பிழை?

உப்புவெளிப் பிள்ளை:
டிவியில காட்டினதப் பார்த்து நிட்டிங் தொடங்கினன். 30 கண்ணி (ஊசியில நிக்கிற நூல் வளையம்), எல்லா வரியும் நிட் (நூலைப் பின்னுக்கு வைச்சுப் போடுற சாதாரணப் பின்னல்) மட்டும். 20 வரி முடிய 37 ஆகிட்டு, துண்டு விசிறி மாதிரி விரியுது. கண்ணியெல்லாம் அடியில முறுகி விறைப்பா நிக்குது. ஊசியில 8 எண்டு இருக்கு, நூல் டிகே (நடுத்தரத் தடிப்பு நூல்). இனிப் புத்தகம் வாங்கிறதா, வீடியோ பார்க்கிறதா?

நூல்பந்து:
ரெண்டு பிழை தங்கச்சி, ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லை. கூடின கண்ணிக்குக் கீழ ஓட்டை இருக்கா? இருந்தா, நூல் முன்னுக்கு நிக்கேக்க நிட் போட்டிருக்கிறீங்க. ஓட்டையில்லாம ஓரம் மட்டும் சரியுதெண்டா வரித் தொடக்கம்தான் காரணம். ஊசியைத் திருப்பினதும் நூலை ஊசிக்கு மேலால பின்னுக்கு இழுத்தா, முதல் கண்ணி மேல ஏறி ரெண்டு கால் காட்டும். ரெண்டையும் தனித்தனியாப் பின்னினா அந்த வரியில ஒண்டு கூடிரும். திருப்பினதும் நூலைக் கீழ இழுத்து, ஊசிக்கு அடியால பின்னுக்குக் கொண்டு போங்க.

முறுக்கு டிவியால வந்தது. காட்டுறவ உங்களுக்கு நேர இருக்கிறா, அவவின்ட வலம் உங்கட இடம். ஊசியைச் சரியான கையில பிடிச்சிட்டு, நூல் சுத்துறத மட்டும் திரையில கண்டபடி செய்தா மணிக்கூட்டு முள்ளுப் போற பக்கம் சுத்துப்படும். வலது ஊசியின்ட நுனியைப் பார்த்தா, நூல் அதுக்கு எதிர்ப்பக்கமாச் சுத்த வேணும்.

இடது ஊசியில ஒரு கண்ணியைக் கிட்டப் பிடிச்சுப் பாருங்க. குதிரையில ஆள் இருக்கிற மாதிரி ஒரு கால் முன்னுக்கு, மற்றது பின்னுக்கு. வலது கால் முன்னுக்கு நிண்டா சரி. பின்னுக்கு நிண்டா, அந்தக் கண்ணியைப் பின்காலுக்குள்ளால பின்னுங்க, முறுகாது.

உப்புவெளிப் பிள்ளை:
ஓட்டை இல்லை அக்கா, ஓரம்தான். எல்லாத்தையும் அவிழ்க்கவா?

நூல்பந்து:
அவிழ்க்கத்தான் வேணும். கீழ் வரியில முறுகினது மேலயிருந்து திருந்தாது. புதுசாப் போடேக்க ரெண்டு வரிக்கொருக்கா எண்ணுங்க. 10 வரிக்கு ஒருக்கா, வேற நிறத் தையல் நூலை ஊசியிலுள்ள எல்லாக் கண்ணிக்குள்ளாலயும் கோத்து விடுங்க. பிழைச்சா அதுவரைக்கும் மட்டும் அவிழ்த்தாப் போதும்.

துறைமுகத்தார்:
ஊசியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கல்ல! பழைய பிரித்தானியக் கணக்கில 8 எண்டா 4 மிமீ, அமெரிக்கக் கணக்கில 5 மிமீ. பிரித்தானியத்தில நம்பர் கூடக் கூட ஊசி மெலியும், அமெரிக்கத்தில தடிக்கும். பலகைத் துண்டில 4 மிமீ ட்ரில் பிட்டால ஓட்டை போட்டு ஊசியை விட்டுப் பாருங்க. போகாட்டி 5 ஆத்தான் இருக்கும்.

டிகே நூல் 4 மிமீ ஊசியில, முன்பக்க வரி நிட், பின்பக்க வரி பேர்ல் (நூலை முன்னுக்கு வைச்சுப் போடுற பின்னல்) எண்டு பின்னினா, 10 செமீக்கு 22 கண்ணி அளவில வரும். 66 கண்ணி அப்ப 30 செமீ. ஊசி தடிச்சு 18 ஆகினா அதே 66 கண்ணி 36 செமீயைத் தாண்டும். குழந்தைக்குப் பின்னுற தொப்பியெண்டா தொளதொளத்திரும்.

கோணேசர்மலைக் காத்து:
டிவியை ஒரேயடியாத் தள்ளாதீங்க. சின்ன விரல்ல நூல் எவ்வளவு இறுக்கமா ஓடுது, கை எந்த வேகத்தில போகுது எண்டத புத்தகப் படம் காட்டாது. ஆனா டிவி நிண்டு தராது. அசைவுக்கு வீடியோ: தோளுக்கு மேலால எடுத்ததாப் பார்த்து 0.5 வேகத்தில ஓட விடுங்க. மாதிரியும் அளவும் புத்தகத்தில இருந்து எடுங்க, வரி எண்ணி அடையாளம் வைக்க அதுதான் வசதி. குரோஷே (ஒற்றைக் கொக்கி ஊசியால பின்னுறது) பக்கம் போனா மட்டும் கவனம்: பிரித்தானியப் புத்தகத்தில டபுள் குரோஷே எண்டது அமெரிக்க வீடியோவில சிங்கிள் குரோஷே.

இன்னொண்டு, கச்சான் காத்துக் காலத்தில கை வேர்த்தா அக்ரிலிக் நூல் அலுமினிய ஊசியில ஒட்டி இழுபடும். அப்ப மூங்கில் ஊசி, பருத்தி நூல். பருத்தி இழுபட்டுக் குடுக்காது, அதால கண்ணியை இறுக்கிப் போடாதீங்க.

உப்புவெளிப் பிள்ளை:
4 மிமீ ஓட்டைக்குள்ள போகல்ல. அவிழ்த்திட்டன்.