அம்மாவுக்கு எந்த எமோஜி போட்டால் புரியும்?

ஈசூன் தம்பி: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அம்மா "பார்சல் நிற்கிறது, இந்த லிங்க்கை அழுத்துங்கள்" மாதிரி மோசடி மெசேஜை எல்லாம் பகிர்கிறார், நீளமாக விளக்கினால் படிப்பதில்லை, அதனால் எச்சரிக்கையாக 🚩 போட்டேன், கொடி எதற்கு, தேசிய தினமா என்கிறார். வேறு என்ன போடலாம்?

தேக்கா அக்கா: 🎣 போடுங்க தம்பி. தூண்டில் யாருக்கும் புரியும். எங்கள் வீட்டில் 🎣 என்றால் லிங்க்கைத் தொடக்கூடாது, 📞 என்றால் சிங்கப்பூரின் மோசடித் தடுப்பு உதவி எண்ணான ஸ்கேம்ஷீல்டு 1799-க்கு அடித்துக் கேட்க வேண்டும், அது 24 மணி நேரமும் உண்டு.

உட்லண்ட்ஸ்வாசி: எமோஜியை மட்டும் நம்பாதீர்கள், மோசடிக்காரனும்தான் ✅💰 போட்டு அனுப்புகிறான். அரசு எஸ்எம்எஸ் 2024 ஜூலையிலிருந்து பெரும்பாலும் 'gov.sg' என்ற பெயரில்தான் வருகிறது, அதையும் சொல்லிக்கொடுங்கள்.

ஈசூன் தம்பி: 🎣 போட்டாச்சு. அப்பா, "என்ன மீன்?" என்கிறார் 🤦