வோட்டுப் போடுற இடம் தெரியாம அலையிற ஆக்களுக்கு வாசல்ல நிண்டு உதவலாமா, கூடாதா?

படுவான்_புள்ள
கன நாளா மனசுக்க கிடந்து அரிக்கிற விசயம், கொட்டித் தீர்ப்பம் எண்டு வந்தன். நான் டி.எஸ். ஒஃபிஸ்ல, அதான் பிரதேச செயலகத்தில, டி.ஓ. (அபிவிருத்தி அலுவலர்). 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பாராளுமன்றம், 2025 மே 6 உள்ளூராட்சி, மூண்டுக்கும் எலக்சன் டியூட்டி, மூண்டும் மட்டக்களப்பு வாவிக்கு அங்கால படுவான்கரைப் பக்கம்தான் விழுந்தது.

இது மே மாசம் நடந்தது. பகல் பதினொண்டரை இருக்கும், மண்டையப் பிளக்கிற வெயில். ஒரு ஆச்சி, எழுபத்தஞ்சுக்குக் குறையாது, அடையாள அட்டைய சொப்பிங் பேக்ல சுத்தி அதை இடுப்பில சொருகிக்கொண்டு வந்து லைன்ல நிண்டு நிண்டு முன்னுக்கு வந்தா வாக்காளர் இடாப்புல (பட்டியல்ல) பேர் இல்ல. வாக்காளர் அட்டையும் கையில இல்ல. எஸ்.பி.ஓ. (நிலையத்துக்குத் தலைமை தாங்கும் அலுவலர்) "இஞ்ச இல்லம்மா, வேற இடம்" எண்டார். எந்த இடம் மனே எண்டு ஆச்சி கேட்டதுக்கு "விதானையிட்ட கேளுங்க" எண்டு செல்லிப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். விதானை, அதான் கிராம சேவகர், அந்த நேரம் எங்கயோ. ஆச்சி வெளிய போய் மதிலோட சாஞ்சு நிண்டத ஜன்னலால கண்டன், மறுகா பாத்தா ஆளில்ல. அவட இடம் அதே றோட்டில ஒண்டரைக் கிலோமீற்றர் தள்ளி இருக்கிற மத்தப் பள்ளிக்கூடம் எண்டு பின்னேரம்தான் விதானை வந்து சொன்னார். ஆச்சி அங்க போனாவா, வெயிலுக்கு வீட்டுக்குப் போயிட்டாவா, தெரியா.

நான் கேக்கிறது இதுதான். கேட்டடியில ஒரு மேசை, ரெண்டு படிச்ச பெடியள், கையில ஒரு ஃபோன். தேர்தல் ஆணைக்குழுட வெப்சைட்ல அடையாள அட்டை நம்பர அடிச்சா பதிவு விபரம் வருது, அதைப் பாத்து "ஆச்சி உங்கட இடம் அது" எண்டு சொல்ல ஒரு நிமிசம். இதுல என்ன பிழை இருக்கு?

பழைய_எஸ்பிஓ
மகள், வாசிக்க எனக்கும் மனவருத்தமாத்தான் இருக்கு. அந்த எஸ்.பி.ஓ. செய்தது பிழை, அதை முதல்ல சொல்லிப்போடுறன். ஆனா மேசைக்கு நான் ஓம் எண்டு சொல்லமாட்டன்.

நான் அதிபரா இருந்து ஓய்வு பெற்றவன், எத்தனையோ தேர்தல்ல தலைமை தாங்கும் அலுவலரா இருந்திருக்கிறன். வாக்களிப்பு நிலைய வாசல்ல இருந்து அரைக் கிலோமீற்றருக்குள்ள வாக்குக் கேக்கிறதும் துண்டு குடுக்கிறதும் குற்றம். அந்த 500 மீற்றர் சும்மா வைச்ச கணக்கில்ல, அதுக்குள்ள வந்தா வாக்காளர் தனி ஆளா நடக்கவேணும் எண்டதுக்காக வைச்சது. நீங்க சொல்ற ரெண்டு பெடியளும் ஆர்? அந்த ஊர்ப் பெடியள்தானே. உள்ளூராட்சித் தேர்தல்ல வட்டாரத்தில நிக்கிறவர் ஒருத்தர் மாமா, மத்தவர் பெரியப்பா, மூண்டாமவர் கோயில் வண்ணக்கர் (நிர்வாகி). அந்தப் பெடியன் வாயே திறக்கத் தேவையில்ல, அவன் அங்க கதிரை போட்டு இருக்கிறதே ஒரு போஸ்டர்.

நிந்தவூர்_காக்கா
சேர் செல்றது பேப்பர்ல நல்லா இரிக்கி. எங்கட அம்பாறைக் கரையோரத்துல ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளயே ரெண்டு மூணு நிலையம் இரிக்கும், எந்த வகுப்புக்குப் போறண்டு தெரியாம சனம் முத்தத்துல நிண்டு கிறுகும். 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு நாடு முழுக்க 13,421 நிலையம், ஒரு கோடி 71 லெச்சம் வாக்காளர், பிரிச்சிப் பாத்தா ஒரு இடத்துக்கு 1,270 பேருக்கு மேல வருது. காலம 7 மணியில இருந்து பின்னேரம் 4 மணி வரைக்கும், ஒம்பது மணித்தியாலம், அதுல வயசாளிக்கி இடம் தேடிக் குடுக்க உங்கட ஸ்டாஃபுக்கு நேரம் எங்க? அத இவ்வளவு காலமும் செஞ்சது ஆரு? நாங்க, கட்சிப் பொடியன்மார். வீடு வீடாப் போய் "உம்மா உங்கட நம்பர் இது, இந்தப் பள்ளிக்கூடம், கிழக்குப் பக்க ஹோல்" எண்டு செல்லிக் குடுத்தது நாங்கதான். நான் கட்சி ஏஜென்டாவும் நிலையத்துக்கு உள்ள இருந்திரிக்கன்.

கல்முனை_பெடியன்
காக்கா கோவிக்காதீங்க 😄 ஹோல் கிழக்குப் பக்கம் எண்டு காட்டிப்போட்டு வரக்குள்ள சின்னம் எந்தப் பக்கம் எண்டும் காட்டித்தானே வருவீங்க. அதுக்குத்தான் சேர் பயப்படுறார்.

நிந்தவூர்_காக்கா
ஓம் காட்டுவன், ஒளிக்கல்ல. ஆனா அது பிரச்சாரம் முடியிறதுக்கு முந்தி. எலக்சன் அண்டைக்கி எங்களுக்கும் பயம் இரிக்கி. ஆக்கள ஏத்தி இறக்கக் கூடாண்டு சட்டம். ஒருக்கா ஒரு முடியாத மூத்தம்மா றோட்டோரம் நிக்கிறா, என்ட ஓட்டோ வெறுமையாப் போகுது, ஏத்தல்ல. ஏத்தினா அடுத்த கட்சிக்காரன் ஃபோன்ல படம் எடுத்து பொலிசுக்கு அனுப்புவான். கண்ணக் கீழ போட்டுக்கொண்டு கடந்து போனன். இப்பயும் அது நினைவு வருது.

வீட்டோட_மருமகன்
இடம் தெரியாமப் போறதுக்குக் காரணம் ஆச்சிமார்ட வயசில்ல, எங்கட ஊர் வழக்கம் எண்டும் சொல்லலாம். மட்டக்களப்பில கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்ட போறது. நான் வாவிக்கு அங்கால மண்டூர், மனிசி இஞ்சால களுதாவளை. நாலு வருசமா களுதாவளையில இருக்கிறன், என்ட பேர் இன்னும் அம்மாட வீட்டு இடாப்பில. வாக்காளர் அட்டை மண்டூர் வீட்டுக்குப் போகும், அம்மா அதைச் சாமி தட்டுக்குப் பின்னால வைச்சிருப்பா, நான் எலக்சன் அண்டைக்கு குருமண்வெளித் துறைக்குப் போய்ப் பாதையில மோட்டர் சைக்கிளையும் ஏத்திக்கொண்டு அங்கால போய்ப் போட்டுட்டு, அம்மாட கையால சோறு தின்னுட்டு வாறது. வெளியூர் ஆக்களுக்கு: பாதை எண்டா இஞ்ச மிதவைப் படகு, றோட்டில்ல. போன முறை என்ட பேர் ஒரேயடியா ரெண்டு பக்கமும் இல்லாமப் போகப் பாத்தது, நல்ல காலம் முதலே பாத்ததால தப்பிச்சுது.

பழைய_எஸ்பிஓ
தம்பி, அதுல பிழை உங்கட பக்கம். விதானை பி.சி. போம், அதான் வாக்காளர் இடாப்பில பேர் பதியிற படிவம், கொண்டு வாறது எதுக்கு? அதை வாங்கிக் கதவு நிலையில சொருகிப்போட்டு மறந்துபோறது, தேர்தல் அண்டைக்கு வந்து "என்ட பேரைக் காணல்ல" எண்டு எங்களோட சண்டை. வாக்காளர் அட்டை வரல்ல எண்டா அடையாள அட்டையோட தபால் கந்தோருக்குப் போய்க் கேட்டு எடுக்கலாம், வாக்களிப்பு நடக்கிற அண்டைக்கும் எடுக்கலாம். அட்டை இல்லாட்டியும் இடாப்பில பேரும் கையில அடையாள அட்டையும் இருந்தா வாக்குப் போடலாம். அடையாள அட்டை துலைஞ்சவைக்கு விதானை ஊடாத் தற்காலிக அட்டை. கடவுச்சீட்டு, லைசன், பென்சன் அட்டை, முதியோர் அட்டை, இதெல்லாம் செல்லும். இவ்வளவு வழியையும் வைச்சுப்போட்டுத்தான் நாங்க இருக்கிறம்.

படுவான்_புள்ள
சேர், நீங்க சொன்ன அவ்வளவும் உண்மை, ஆனா அவ்வளவும் தெரிஞ்ச ஆள் வழி தவறாது. தெரியாத ஆளைப் பத்தித்தானே கதைக்கிறம்.

இடத்த விடுங்க, உள்ள வந்த பிறகு? எட்டு மாசத்துக்குள்ள மூண்டு தேர்தல், மூண்டுக்கும் மூண்டு விதமாப் போடவேணும். செப்டம்பர்ல 1, 2, 3 எண்டு விருப்பு இலக்கம் போடலாம். நவம்பர்ல கட்சிக்குப் புள்ளடி (X), கீழ விருப்பு வாக்கு மூண்டு வரைக்கும். மே மாசம் புள்ளடி ஒண்டு, அவ்வளவுதான். மே மாசம் ஒரு ஐயா சீட்டைக் கையில வைச்சுக்கொண்டு "நம்பர் எங்க புள்ள எழுதுற?" எண்டு என்னட்டக் கேக்கிறார், நான் ஏஜென்ட்மார் இருந்த வாங்குப் பக்கம் பாத்தன், அஞ்சு பேரும் என்ட வாயத்தான் பாத்துக்கொண்டு இருக்காங்க. "எஸ்.பி.ஓ. சேரிட்டக் கேளுங்க ஐயா" எண்டுட்டன். எனக்கே வெக்கமா இருந்தது.

பழைய_எஸ்பிஓ
நீங்க செய்தது சரி மகள், வெக்கப்பட ஒண்டுமில்ல. போடுற முறைய விளங்கப்படுத்தச் சட்டத்திலயே இடம் இருக்கு, ஆனா அது தலைமை தாங்கும் அலுவலர்ட வேலை, முகவர்மார்ட கண்ணுக்கு முன்னால, அவங்கட காதுக்குக் கேக்கத்தக்கதாச் சொல்லவேணும். ஆருக்குப் போடுற எண்டு ஒரு சாடையும் வரக் கூடாது. நான் பென்சிலையும் கையில எடுக்கிறதில்ல, வெறும் விரலால காத்துல கீறிக் காட்டுவன். பென்சில் நுனி எந்தப் பேருக்கு நேர நிண்டது எண்டு ஒரு முகவர் பெரிய சத்தம் போட்ட நாளில இருந்து அப்பிடி.

இதத்தான் நான் சொல்ல வாறது. உள்ள எல்லாரும் எல்லாரையும் பாக்கிறாங்க. காலமை 7 மணிக்கு முந்தி வெறும் பெட்டியக் கவிட்டுக் காட்டித்தான் சீல் வைக்கிறம். பேர உரத்து வாசிக்கிறம். விரல்ல மை பூசித்தான் சீட்டுக் குடுக்கிறம். உங்கட மேசைய ஆர் பாக்கிற? அங்க என்ன கதைச்சாங்க எண்டு ஆர் சாட்சி?

சில்லுக்கதிரை
எல்லாரும் ஆச்சியப் பத்திக் கதைக்கிறீங்க, நானும் கொஞ்சம் கதைக்கிறன். எனக்கு 41 வயசு, இடுப்புக்குக் கீழ இயங்காது. உதவியாள் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போக 2011ம் ஆண்டுச் சட்டம் இருக்கு, வேட்பாளரும் கட்சி முகவரும் உதவியாளா வரேலாது, அதுக்குச் சான்றிதழ் எடுக்கவேணும். வாகனத்துக்கும் முன்கூட்டியே மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில கேட்டு அனுமதி எடுக்கலாம், நிந்தவூர்க் காக்கா, அந்த மூத்தம்மாக்கும் அப்பிடி எடுத்திருக்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும், ஏனெண்டா நானே தேடிப் படிச்சன். ஒருத்தரும் வீட்ட வந்து சொல்லல்ல.

நவம்பர்ல மழை. என்ட நிலையத்துக்கு வாசல்ல மூண்டு படி. தங்கச்சி கதிரையப் பிடிக்க, டியூட்டியில நிண்ட பொலிஸ் ரெண்டு பேரும் மத்தப் பக்கம் பிடிக்க, தூக்கி வைச்சாங்க. உள்ள போனா, உங்கட நிலையம் இது இல்ல, பின்னுக்குக் கட்டடம் எண்டாங்க. மூண்டு படியும் இறக்கி, சேத்துக்குள்ளால சில்லு உருட்டி, அங்க ரெண்டு படி. கேட்டில ஒருத்தர் "நீங்க பின்னுக்கு" எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அந்த மூண்டு படியும் தூக்கி இறக்கியிருக்கத் தேவையில்ல. அந்த ஒரு சொல்லு என்ட வாக்க எந்தக் கட்சிப் பக்கம் திருப்பும் சேர்?

கல்முனை_பெடியன்
இதுக்கு பதில் கஷ்டம் சேர்.

பழைய_எஸ்பிஓ
கஷ்டம்தான். ஒரு சொல்லுச் சொல்றது வேற, ஃபோனோட மேசை போடுறது வேற எண்டுதான் சொல்லுவன். தம்பிட விசயத்தில அங்க நிண்ட பொலிசே கேட்டிருக்கலாம், பாதிப் பிழை அவங்கட.

ஃபோன் ஏன் கூடாது எண்டும் சொல்றன். ஆச்சி அடையாள அட்டைய நீட்டுவா, பெடியன் நம்பர அடிப்பான். பின்னேரம் ஆகக்குள்ள அந்த ஃபோன்ல ஊர்ல ஆர் வந்த, ஆர் வரல்ல எண்ட கணக்கு இருக்கும். எங்கட கிராமங்கள்ல எத்தனை வீட்டில தாயோ மகளோ மத்திய கிழக்கில? வராத ஆக்கள்ட பேர் ஒருத்தன்ட கையில சேர்ந்தா என்ன நடக்கும் எண்டு பழைய ஆக்களுக்குத் தெரியும். நான் இருந்த ஒரு நிலையத்தில மத்தியானத்துக்குப் பிறகு ஒரு பொம்பிளை வந்தா, பேரை வாசிச்ச உடன ஒரு முகவர் எழும்பி "சேர் அந்த அக்கா சவூதியில" எண்டான். வந்தவ திரும்பியும் பாக்காமப் போயிட்டா.

கத்தார்ல_இருந்து
நான்தான் அந்த வராத ஆக்கள்ல ஒருத்தன் 🙋 வெளிநாட்டில இருந்து போடவும் வழியில்ல, அட்டை மட்டும் ஒழுங்கா ஒவ்வொரு முறையும் ஏறாவூர் வீட்டுக்கு வருது. உம்மா ஃபோட்டோ எடுத்து வட்ஸ்அப்ல அனுப்புவா. சேர் சொல்ற பயம் எனக்கும் இரிக்கி.

நிந்தவூர்_காக்கா
அந்தக் கள்ள வோட்ட நிப்பாட்டினது ஆரு சேர்? கட்சி ஏஜென்ட். ஊர் ஆள், முகம் தெரிஞ்ச ஆள். வெளியூர்ல இருந்து வந்த உங்கட கிளாக்குக்கு சவூதியும் தெரியாது, சல்மாவும் தெரியாது. ஊர் ஆள் நடுநிலை இல்லண்டும் செல்றீங்க, ஊர் ஆள் இல்லாட்டி வேலையும் நடக்காது.

படுவான்_புள்ள
காக்கா சொன்னது எனக்குத் தோணவே இல்ல 👏

சரி சேர், ஃபோன விட்டிடுறன். பெடியளையும் விட்டிடுறன். பதிலுக்கு நீங்க சொல்லுங்க, உங்கட நிலையத்தில இடம் மாறி வந்தவங்களுக்கு என்ன செய்தீங்க? "விதானையிட்டக் கேளுங்க" எண்டுதானா?

பழைய_எஸ்பிஓ
இல்ல. முதல் நாள் பெட்டியோட போய் இறங்கி, மேசை வாங்கெல்லாம் இழுத்துப் போட்டு, அட்டைப்பெட்டி மறைப்பெல்லாம் கட்டி முடிய இரவாகிடும். நுளம்புத்திரி கொளுத்தி வைச்சுட்டுத்தான் படுப்பம், படுத்தாலும் நித்திரை வராது. அப்பிடி ஒரு இரவு, ஒரு வகுப்பில இருந்த உடைஞ்ச கரும்பலகையத் தூக்கிக்கொண்டு போய் கேட்டடி வாகை மரத்தில சாத்தி, சோக்கால எழுதினன். இன்ன ஒழுங்கை தொடக்கம் இன்ன ஒழுங்கை வரை இந்த மண்டபம், மிச்சம் எல்லாம் பின்னுக்கு, கோயிலுக்கு அங்கால உள்ள ஆக்களுக்கு மத்தப் பள்ளிக்கூடம். விதானைய எழுப்பி வைச்சுச் சரி பாத்துத்தான் எழுதினது. பேர் இல்ல, நம்பர் இல்ல, ஒழுங்கை மட்டும். அண்டைக்கு மாறி வந்தவங்க நாலோ அஞ்சோ பேர்தான். பலகைக்குக் கட்சி இல்ல மகள், அதான் நான் சொல்றது.

சில்லுக்கதிரை
இது நல்லா இருக்கு. எங்கட பள்ளிக்கூடத்தில இப்பிடி ஒண்டு இருந்திருந்தா எனக்குக் காணும்.

படுவான்_புள்ள
எனக்கும் பிடிச்சிருக்கு சேர், அடுத்த முறை டியூட்டி விழுந்தா கட்டாயம் செய்வன். ஆனா ஒண்டு கேக்கட்டா, எங்கட ஆச்சிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. உங்கட பலகைய அப்பிடி ஆக்களுக்கு ஆர் வாசிச்சுக் காட்டின?

பழைய_எஸ்பிஓ
பள்ளிக்கூட வோச்சர் (காவலாளி). நல்ல மனிசன், நான் கேக்காமலே விடிய எழும்பி வந்து மரத்தடியில நிண்டவர்.

படுவான்_புள்ள
அவர் எந்தக் கட்சி சேர்?

பழைய_எஸ்பிஓ
அது ஊருக்கே தெரியும்.

கல்முனை_பெடியன்
😂😂😂 சேர்ர்ர்