லெஷர் வேர்ல்டுக்குச் சின்னப் பிள்ளையோடு போனவர்கள் சொல்லுங்கோ

வணக்கம் அக்காமார், அண்ணாமார். நாங்கள் திருகோணமலை, உப்புவெளி. பள்ளிக்கூட லீவுக்கு கொழும்புப் பக்கம் கொஸ்கமவில் இருக்கிற லெஷர் வேர்ல்டு என்ற ராட்டின, தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப் போவதாக மகளுக்கு இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். அவளுக்கு மூன்றரை வயது. கந்தளாய் தாண்டும் முன்னமே சத்தி எடுக்கிற பிள்ளை. ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று 200 கிலோமீட்டருக்கு மேல் வேனில் போக வேண்டும்.

இந்த வயதுக்கு அங்கே ஏறி விளையாட ஏதும் இருக்கிறதா? உயரம் பார்த்துத் திருப்பி அனுப்பினால் வாசலிலேயே ஒப்பாரிதான். இங்கே கார்னிவலில் குதிரை ராட்டினத்தில் ஏறினவள், குதிரையின் காதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றாள். பெரிய ராட்டினத்தைக் கண்டால் என் சட்டைக்குள் முகத்தைப் புதைப்பாள்.

சின்னப் பிள்ளைகளுக்கான தண்ணீர்த் தடாகம் எவ்வளவு ஆழம்? உடுப்பு மாற்ற இடம் வசதியா? அம்மம்மாவும் வருகிறா, முழங்கால் வருத்தம், நிழலில் இருக்க இடம் வேணும். வீட்டுச் சாப்பாடு உள்ளே கொண்டுபோக விடுவார்களா? முதல் நாள் இரவே போய்ப் பக்கத்தில் தங்குவது நல்லதா?

இங்கே திருகோணமலையில் இருக்கிற மார்பிள் பீச்சுக்கே போங்கோ என்று மட்டும் சொல்லாதேங்கோ. அதை நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன், தகப்பனும் மகளும் கேட்கிறார்களில்லை.