மறுமொழி: 200 டொலர் சேர்ப்பது, முன்பள்ளிச் சுவரில் கல் காணாமல் போனது

அனுப்பியது: தபால்கந்தோரடித் தங்கச்சி, மொன்றியல்

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஊருக்குப் போய் வந்தேன். முன்பள்ளியின் முன்சுவரில் எங்கள் அப்புவின் பெயர் பொறித்த கல் இல்லை. அந்த இடத்தில் நம் ஊர்ச் சங்கத்தின் பாரிஸ் கிளையின் பெயர் பளபளவென்று இருக்கிறது. ஆசிரியையிடம் கேட்டேன். "பெயின்ற் அடிக்கேக்க கழட்டினவை அக்கா" என்றா. பின்பக்கம் போய்ப் பார்த்தால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அப்புவின் கல்லில் யாரோ உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். பெயர் மேலே பார்த்தபடி.

இப்போது "இளையோர் தலைமைத்துவப் பயிற்சி" என்று ஆளுக்கு 200 டொலர் கேட்டுச் சங்கத்திலிருந்து மடல் வந்திருக்கிறது. தரமாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தக் கல் எப்படித் தொட்டியடிக்குப் போனது என்று முதலில் யாராவது சொல்லுங்கோ.

*

அனுப்பியது: கணக்கண்ணை, ஸ்காபரோ

தங்கச்சி, உன் மடலை வாசிக்க எனக்குக் கென்யாதான் நினைவுக்கு வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர், இறந்துபோன 4 வயது மகனின் நினைவாக அங்கே பள்ளிக்கூடம் கட்டக் காசு சேர்த்துக் கொடுத்தவர். வாங்கிக் கட்டியது இங்கே ரொறன்ரோவில் இருந்த வீ சாரிட்டி, கிரெய்க் கீல்பர்கரும் அண்ணன் மார்க்கும் நடத்தியது. பிறகு பார்த்தால் மகனின் பெயர்ப்பலகை இருந்த கட்டடத்தில் வேறொரு கொடையாளரின் பெயர். 2021 பெப்ரவரியில் ஒட்டாவாவில் நாடாளுமன்றக் குழு முன்னால் அவர் இதைச் சாட்சியாகச் சொன்னார்.

அதற்கு முந்தின வருடக் கதை தெரிந்ததுதான், ஆனாலும் தொகைகளை ஒருக்கால் எழுதுகிறேன். கோவிட் காலத்தில் தொண்டு செய்கிற மாணவருக்கு மானியம் கொடுக்கும் வேலையை அரசு இவர்களிடம் விட்டதாக 2020 ஜூன் 25 அறிவித்தது. நடத்துகிற செலவுக்கு மட்டும் 43.5 மில்லியன் டொலர் வரை. ஜூலை 3, ஒப்பந்தம் போய்விட்டது. அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவின் தாயும் தம்பியும் அவர்களின் மேடைகளில் பேசிக் காசு வாங்கியது பிறகு வெளியே வந்தது. நிதியமைச்சர் அவர்களின் ஏற்பாட்டில் குடும்பத்தோடு போய் வந்த பயணத்துக்கு 41,366 டொலர் திருப்பிக் கட்டினார், ஓகஸ்ட்டில் பதவியையும் விட்டார். செப்டம்பரில் கனடாவில் கடையைச் சாத்துவதாகச் சொன்னார்கள்.

எனக்குப் பிடித்த ஆள் அந்த அமைப்பின் இயக்குநர் சபைத் தலைவிதான். ஊழியர்களை நிறுத்தியதற்கான விவரத்தைக் கேட்டும் கிடைக்கவில்லை, அதனால் 2020 மார்ச்சில் விலகினேன் என்று அவர் சாட்சி சொன்னார். நம் சங்கத்தில் முன்பள்ளிக் கட்டடக் கணக்கை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன்? எனக்குக் கிடைத்தது "சந்தேகப்பிராணி" என்ற பட்டம்.

*

அனுப்பியது: வாசிகசாலையடி அக்கா, மார்க்கம்

கணக்கண்ணை எந்தக் கதையையும் வாலிலிருந்துதான் தொடங்குவார். தலையை நான் சொல்கிறேன்.

1995 ஏப்ரல், ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் தோர்ன்ஹில். கிரெய்க் என்ற 12 வயதுப் பெடியன் பள்ளிக்கூடம் போகமுன் பத்திரிகையில் சித்திரக்கதை தேடுகிறான். முன்பக்கத்தில், பாகிஸ்தானில் கம்பளத் தறியில் அடிமையாக இருந்து தப்பி, அதைப் பற்றி ஊருலகமெல்லாம் பேசிய இக்பால் மசீஹைச் சுட்டுக் கொன்ற செய்தி. அவனுக்கும் 12 வயது. இந்தப் பெடியன் அந்தத் தாளை வகுப்புக்குக் கொண்டுபோய்க் கூட்டாளிகளைச் சேர்த்தான், ஃப்ரீ த சில்ட்ரன் என்று பெயர் வைத்தான், அதுதான் பிறகு வீ சாரிட்டி ஆனது. அந்த வருடக் கடைசியிலேயே தெற்காசியாவுக்குப் புறப்பட்டான். துணைக்கு வங்காளதேசத்துக் குடும்பத்து இளைஞர் ஒருவர், 25 வயது. கையுறை இல்லாமல் பழைய மருத்துவ ஊசிகளைக் கழற்றும் சின்னப் பிள்ளைகளை எல்லாம் பார்த்தான். அந்த நேரம் அந்தப் பக்கம் வந்திருந்த பிரதமர் ஜோன் கிறெத்தியானைப் பிடித்துச் சிறுவர் உழைப்பைப் பற்றிப் பேசினான். 13 வயது! என் மகனுக்கு அந்த வயதில் பால் வாங்கிவர அனுப்பப் பயம்.

அவன் சேர்த்த காசுக் கணக்கைப் பற்றி அப்போதே எழுதினார்கள். அவன் ஒரு சஞ்சிகை மேல் அவதூறு வழக்குப் போட்டு, அது 2000இல் அவனுக்கு 319,000 டொலர் கொடுக்கும் இணக்கத்தோடு முடிந்தது. அண்ணை அதை எழுதவில்லை. 2021இல் நெறிமுறை ஆணையர், நிதியமைச்சர் விதியை மீறினார், பிரதமர் ட்ரூடோ மீறவில்லை என்று சொன்னதும் அண்ணையின் பேரேட்டில் இல்லை.

என் மகள் வீ டேக்கு, அதுதான் அவர்கள் பாட்டுக்காரரையும் கூப்பிட்டு இளையோருக்கு நடத்திய பெரிய மேடை நிகழ்ச்சிக்கு, போனவள். அதற்கு ரிக்கெற் விலைக்கு வாங்க முடியாமல் இருந்தது, ஊருக்கு ஒன்று, வெளியுலகுக்கு ஒன்று என்று ஏதாவது செய்து காட்ட வேண்டியிருந்தது. நான் விடிய எழும்பி 150 ரோல்ஸ் பொரித்தேன், அவள் பள்ளிக்கூடத்தில் விற்றாள். போன இடத்தில் பாட்டுக்காரருக்குத்தான் கத்தினார்களாம், சரி. ஆனால் அதுவரை நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளை. அந்தப் பழக்கம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வரட்டும் என்றுதான் 200 கேட்கிறோம். வாசிகசாலைக் கதிரைக் காசை யார் வைத்திருந்தார் என்று நானும் எழுதுவேன், அண்ணை. எழுதவில்லை.

*

அனுப்பியது: பட்டறையடித் தம்பி, பாரிஸ்

கல்லைக் கழற்றியது நாங்கள்தான். மறைக்க ஒன்றுமில்லை. அதில் "நிணைவாக" என்று மூன்றுசுழி போட்டு வெட்டியிருந்தது. சின்னப் பிள்ளைகள் எழுத்துப் பழகுகிற இடம், திருத்தித் தரச் சொல்லித் தங்கச்சியின் அண்ணருக்கு இரண்டு தரம் எழுதினேன், பதில் இல்லை. தொட்டியடிக்குப் போனது மேசனின் வேலை, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

அப்புவை நாங்கள் மறப்போமா? அந்தக் காணியில் பந்தடிக்க விடாமல் பூவரசந்தடியோடு துரத்தினவர், பிறகு தானே கூப்பிட்டு நுங்கு வெட்டித் தந்தவர். அவர் பெயர் பாரிஸ் கிளைப் பெயருக்கு மேலே வரட்டும். புதுக் கல்லுக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள், யார் தருவது என்று சொல்லுங்கள். பெயின்ற் வாங்கின ரசீதும் மேசன் கூலி ரசீதும் என்னிடம் இருக்கின்றன. கணக்கண்ணைக்குத் தனியே அனுப்புகிறேன்.